மொர்ஜினாவின் காலை அறிக்கை

“ஷ்லீப் குட். யூரின் பாஸ், யெல்லோ. இட்லி ஹாஃப் ஈட். வாட்டர் ஈட். பெயின் நோ. க்ரை நோ. பல்ஸ் செவன்டி டூ.”

கைபேசியை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு மொர்ஜினா இதைச் சொல்லி முடிப்பாள். அனுப்பிய பிறகும் நகர மாட்டாள். போய்ச் சேர்ந்ததா என்று திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பஹ்ரைனில் மனாமா நகரம், குதைபியா பகுதி, கீழே துணிக்கடை, மேலே வீடு. அங்கே பக்கவாதம் வந்து படுத்திருந்த அஸ்மத் பீவியின் நிலவரம் குடும்பத்துக்குத் தினமும் இப்படித்தான் போகும். மூத்த மகன் நெய்னா முகம்மது கீழே கடையில் இருந்தார். மற்றப் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் லண்டனிலும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, மொர்ஜினாவுக்கு வங்காளம் தவிர எதுவும் முழுதாக வராது. அதனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட நான் வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போவேன். போகும்போதெல்லாம் இருவரும் ஏதாவது சண்டையில் இருப்பார்கள்.

“எம் மூத்திரத்து நெறம் லண்டன் வரைக்கும் போவுது. எனக்கு மானம் மரியாதை இருக்கா இல்லையாடி?” என்பார் அஸ்மத் பீவி. காயல்பட்டினத்துக்காரர். ஒரு பக்கம் விழுந்த பிறகும் வாய் மட்டும் விழவில்லை.

“ஷும்மா இரு உம்மா. இது ரிப்போட்டு.”

மொர்ஜினா குள்ளம், இறுகிய உடம்பு. தலையில் கடுகெண்ணெய் வாசனை. ஓர்னா என்று அவள் சொல்லும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருப்பாள். அதில் ஊக்கு மாட்டி ஒரு நகவெட்டி தொங்கும். உறங்கப் போகும்போது ஒரு நாடாவின் முனையை அஸ்மத் பீவியின் நல்ல கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வாள். அழைப்பதற்கென்று மருமகள் அப்ஸானா ஒரு மின்சார மணி வாங்கிக் கொடுத்தார். அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

ஆங்கிலச் சொற்களை அவள் சேர்த்த விதம் தனி. வீட்டுக்கு வரும் டாக்டர் புதிதாக ஒரு சொல்லைச் சொன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். துணி பிழியும்போதும் கஞ்சி ஆற்றும்போதும் அது அவள் வாயில் உருளும். ‘ஷ்வெல்லிங்’ வந்த நாளில் அஸ்மத் பீவியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த பள்ளம் மேலெழும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அறிக்கையில் அந்தச் சொல் ஏறியது. ஏறாதவரை அடுத்த சொல்லை வாங்க மாட்டாள். அவர்கள் மொழியில் சோறு, தண்ணீர், பீடி எல்லாமே தின்பதுதான். தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று திருத்தினேன். பணிவாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் அஸ்மத் பீவி தண்ணீரைத் தின்றார்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அறிக்கை வரவில்லை. நெய்னா முகம்மது கடையில் கைபேசியை ஒருமுறை பார்த்துவிட்டு, வாடிக்கையாளரை அப்படியே விட்டுப் படியேறி வந்தார். மொர்ஜினா அஸ்மத் பீவியின் கண்களை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கி வைத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும் அப்ஸானா அவளைக் கூப்பிட்டார். “வேற எடம் பாத்துக்க மொர்ஜினா. உம்மாவே போயிட்டாஹ, இனி இங்கே உனக்கு என்ன வேலை?” விசா முடிவதற்குள் வேறு யாராவது வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊர். ஊர் என்பது வங்காளதேசத்தில் பரிசால் பக்கம். அங்கே இருந்த வீட்டை ஆறு கரையோடு கொண்டுபோய்விட்டது. அவளுடைய இரண்டு பெண்களும் அக்காள் வீட்டில் இருக்கிறார்கள்.

“காலாம்மா,” என்றாள். சின்னம்மா முறையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “அக்கா வீட்டுல ரெண்டு பேருக்கு ஷோறு போடுறா. மூணாவதா நான் எப்படிப் போறது?”

முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எனக்குப் பழக்கம் உண்டு. நேர்முகத்துக்கு நாள் வாங்கினேன். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்தால் போதும் என்றார்கள். மூன்று மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

“‘மை ஹாபி இஸ் குக்கிங்’னு சொல்லு.”

“ஹாபி கியா ஹை, காலாம்மா?”

“வேலை இல்லாத நேரத்துல ஆசையா செய்யுறது.”

யோசித்தாள். “உம்மாவுக்கு அது இல்ல.”

“உம்மாவைக் கேக்க மாட்டாங்க. உன்னைத்தான் கேப்பாங்க.”

“என்னை எதுக்கு?”

அந்தச் சொல்லை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆசை, விருப்பம், லட்சியம் என்று நான் கொண்டுபோன எதையும் வாங்கவில்லை. அவளிடம் ஆங்கிலம் நிறைய இருந்தது. அதில் அவள் இல்லை.

நேர்முகம் செய்தவள் விஜி, இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். நல்ல மாதிரி. நான் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னையும் உள்ளே உட்காரவிட்டாள்.

“டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்.”

“மை நேம் மொர்ஜினா காத்தூன்.” அதோடு நின்றுவிட்டாள். மூன்று மாலைகளும் எங்கே போயினவோ தெரியவில்லை. ஓர்னாவின் முனையைச் சுருட்டினாள், பிரித்தாள். விஜி காத்திருந்தாள். அடுத்தவர்கள் வெளியே வரிசையில் இருந்தார்கள்.

“ஓக்கே. ஜஸ்ட் யூ,” என்று விஜி குரலை இறக்கினாள். “ஹவ் ஆர் யூ, மொர்ஜினா?”

மொர்ஜினா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். பிறகு அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“ஷ்லீப் நோ,” என்றாள். காலை அறிக்கையில் கேட்ட அதே குரல், அதே வேகம். “ரைஸ் லிட்டில் ஈட். வாட்டர் ஈட். ஃபீவர் நோ. லெஃப்ட் லெக் பெயின், ஷ்வெல்லிங் நோ. க்ரை... மார்னிங் டைம்.”

விஜி எதையும் எழுதவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அறிக்கையில் ஏதோ குறைகிறது என்பது போல மொர்ஜினாவின் புருவம் சுருங்கியது. ‘ஒரு நிமிடம்’ என்று விஜியிடம் தலையசைத்துவிட்டு, வலது கையின் இரண்டு விரல்களைத் தன் இடது மணிக்கட்டில் வைத்து அழுத்தி, சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.