பதினொரு மாத வீடு

முதல் தடவை கட்டியை மட்டும் எடுத்தார்கள். நாலு வருடம் கழித்து அதே இடது மார்பில் சனியன் திரும்பி வந்தது. இந்த முறை மார்பையே எடுத்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லை, இப்படி வந்தவர்கள் பல பேர் வருடக்கணக்காக நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார். கடைசியில் 'ஆனால்' என்று இழுத்து ஒரு 'லேகின்' போட்டார். அந்த 'லேகின்'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கோடையில் என் கணவர் ஓய்வுபெற்றார். தில்லி கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருச்சிக்குப் போகலாம் என்றார். டாக்டரை விட்டு வரமாட்டேன் என்றேன். மயூர் விஹாரில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்தோம்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டினார். பதினொரு மாதம் என்றிருந்தது. கல்யாணமானதிலிருந்து சர்க்கார் வீட்டிலேயே இருந்தவளுக்கு வாடகை வழக்கம் என்ன தெரியும்? எனக்குப் பகீரென்றது.

"என்னங்க, டாக்டர் உங்ககிட்ட தனியா எதாச்சும் சொன்னாங்களா? அதென்ன கணக்கா பதினொரு மாசம்?"

"அட போடி! தில்லி பூரா இதான் வழக்கம். அதுக்கு மேலன்னா ரிஜிஸ்டர் பண்ணணும்."

"க்யா ஹுவா, பாபிஜி?" என்ன ஆச்சென்று புரியாமல் கேட்டார் வீட்டுக்காரர். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

விஷயம் புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவேயில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாதென்று வீட்டுக்காரர் சொன்னது வசதியாகப் போயிற்று. சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஓடாமல் டிரங்குப் பெட்டிமேல் கிடந்தது. குளிக்கும்போதெல்லாம் தழும்பைத் தடவித் தடவிப் பார்ப்பேன். செக்கப் நெருங்கினால் சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்னதற்கெல்லாம் எரிந்து விழுவேன். பாவம், மனிதர் பார்க்குக்கு ஓடிவிடுவார்.

பதினொரு மாதம் முடிந்தது. அந்த வாரம்தான் செக்கப்பும். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. லேகினும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் புதுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அதே பதினொண்ணா?"

"அதேதான்," என்றார் கணவர்.

வீட்டுக்காரரோ டாக்டரோ, மூன்று வருடம் என்று எழுதித் தர இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அச்சா, ஏக்," என்று ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

இடது கை தோளுக்கு மேல் தூக்க வராது. ஆணியை மட்டும் கணவரைப் பிடிக்கச் சொல்லி, சுத்தியலை நானே எடுத்தேன். பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. கடிகாரத்தை மாட்டினோம்.

"கோணலா இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஜல்தியா போய் நல்ல பேட்டரியா பாத்து வாங்கிட்டு வாங்க."