பதிவேட்டின் ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம்

லண்டன் சிறையில் சோறு போடுவார்களா, ரொட்டிதானா என்று அரை மணி நேரம் யோசித்தவன் நான். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

2009 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்குக் கோலியர்ஸ் வுட்டில் சுரங்க ரயில் ஏறினேன். டிக்கெட் நான்கு பவுண்டு. நம் காசுக்கு முந்நூறு ரூபாய். பேங்க் நிலையத்தில் மாறி, சான்சரி லேனில் இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் ஒரு பழைய சட்ட நூலகம். அமெரிக்கா புதிதாய்ப் பிறந்த காலத்தில் வழக்கறிஞராக இருந்து, பின்பு அந்நாட்டுக் கருவூலத்தில் அதிகாரியான ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியிருந்தேன். நானும் சட்டம் படித்துவிட்டு அறந்தாங்கிக் கருவூலத்தில் உட்கார்ந்தவன்; அந்த உறவுதான். இளமையில் அவர் லண்டனில் சட்டம் பயின்றார் என்று அச்சிலும் ஏற்றிவிட்டேன். மாணவர் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என் மானம் போய்விடும்.

பதினோரு மணி. நூலகர் அம்மையார் என் பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் தந்தார். பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது! என் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஊர், தந்தை பெயர், எல்லாம் சரி. கருவூலத்தில் ஒரு பதிவைச் சரிபார்த்தால் ஓரத்தில் 'டிக்' அடித்துச் சுருக்கொப்பம் வைப்போம். இருபத்தெட்டு வருடப் பழக்கம். அந்தப் பதிவேட்டின் ஓரத்திலும் கை அதை வைத்துவிட்டது, தேதியோடு.

நிமிர்ந்தால், அம்மையார் என் மேசையைப் பார்த்தபடியே தொலைபேசியில் பேசுகிறார். போலீஸுக்குத்தான் என்று முடிவு கட்டினேன். அரை மணி நேரம் கழித்து, கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"சார், ஐ ஆம் எ கெசடட் ஆபீசர்" என்று எழுந்தே விட்டேன்.

"இருங்கோ ஐயா, தமிழிலயே கதையுங்கோ. நான் சிவநேசன். இங்க கிழிஞ்ச பழைய புத்தகங்களை ஒட்டித் திருத்துறவன்."

"தம்பி, போலீஸ் எப்ப வரும்?"

"பொலிஸோ? என்னத்துக்கு? உந்தத் தமிழ்ப் புத்தகத்தில என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லத்தான் அவ என்னைக் கூப்பிட்டவ."

ஆக, யாரும் கவனிக்காத குற்றத்தை நானே விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தேன். சிவநேசன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இருநூறு வருசத்துக்குப் பிறகு வந்து கணக்கு ஓடிற் செய்திட்டியள்! பயப்பிடாதேங்கோ, பென்சில்தானே. அழிக்க ஏலும்."

மெல்லிய ரப்பரால் தடமில்லாமல் அழித்தார். பிறகு என் புத்தகத்தின் அட்டையையும் முதல் பக்கத்தையும் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நூலகத்துக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று அம்மையார் என்னிடம் கேட்டார்.

"கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நில்லுங்கோ ஐயா" என்று காதோடு சொன்னார் சிவநேசன். எங்கே நிற்பது? கை ஏற்கெனவே புத்தகத்தை நீட்டிவிட்டது.

அந்த நூலகத்தில் அதுவரை தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்று சேர்ந்தது.