விற்கத் தெரியாத பசையக்கா

பழுதுபார்க்க வரும் கிதாரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓர் உலுக்கு உலுக்குவார் பசையக்கா. உள்ளேயிருந்து பொத்தான் விழும், பென்சில் துண்டு விழும், ஒருமுறை குழந்தையின் காலுறையே விழுந்தது. விழுந்ததை இரண்டு விரலால் தூக்கி, கொண்டுவந்தவரின் முகத்துக்கு நேரே ஆட்டுவார். "இது வாத்தியமா, அலமாரியா?" அதற்குப் பிறகுதான் என்ன கோளாறு என்ற விசாரணை.

வந்தவர் சொல்வதை அவர் லேசில் நம்புவதில்லை. "தானா பிளந்துக்கிச்சுக்கா" என்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாத்தியத்தின் முதுகை விரல் முட்டியால் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். "கார்ல வெச்சுப் பூட்டி வெயில்ல விட்டுட்டீங்க. சரியா?" வந்தவர் அசடு வழிவார். அக்கா கட்டைவிரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே, அடுத்த வாரம் வரச் சொல்வார். அந்தப் பசை பெயரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

பட்டறையில் பாதி இடம் கணவருடையது. அவர் தையல்காரர், வாத்தியங்களுக்குப் பை தைக்கிறார். ரம்பச் சத்தத்துக்கும் தையல் மெஷின் சத்தத்துக்கும் மேலாக இருவரும் நாள் முழுவதும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள். சீண்டலில் பாதி, சுவரில் தொங்கும் அந்தக் கிதாரைப் பற்றியது.

பலகை இழைத்ததிலிருந்து மெருகு பூசியது வரை அக்கா தன் கையால் செய்த முதல் கிதார் அது. பார்ப்பவர்கள் எல்லாரும் அதை விலைக்குக் கேட்பார்கள். அக்கா உடனே ஆரம்பித்துவிடுவார். "அது வேணாம். கழுத்து கொஞ்சம் தடி. அடிக்கம்பி முனகும். மெருகு ஒரு பக்கம் திட்டுத் திட்டா இருக்கு." கேட்டவர் தயங்கி நழுவுவார்.

"பெத்த பிள்ளையப் பத்தி ஊரெல்லாம் கோள் சொல்ற அம்மாவ இங்கதான் பாக்கறேன்" என்பார் கணவர்.

"இந்தப் படியேறி நல்லா இருக்கற வாத்தியம் ஒண்ணாவது வந்திருக்கா? எல்லாம் கழுத்து ஒடிஞ்சு, வயிறு பிளந்துதானே வருது? இதையும் வெளிய விட்டா அதே கதிதான்."

யாராவது அதை வாசித்துக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பயம் அதைவிடப் பெரிது. ஆகவே கிதார் ஆணியிலேயே கிடந்தது, தினமும் துடைக்கப்பட்டு.

போன வாரம் பட்டறையின் குழாய் ஒழுகியது. மரத்துக்கு ஈரம் ஆகாது என்று அக்கா அலறியடித்துக் குழாய்க்காரரை வரவழைத்தார். வந்தவர் வேலையை முடித்தார், சோப்புப் போட்டுக் கை கழுவினார், சுவரைப் பார்த்தார். "அத ஒருவாட்டி எடுத்துப் பாக்கட்டுமாக்கா?"

"கழுத்து தடி..." என்று அக்கா தொடங்குவதற்குள் கிதார் குழாய்க்காரர் மடிக்கு வந்துவிட்டது. அந்தத் தடித்த கழுத்து, குழாய் முறுக்கிப் பழகிய கைக்கு வாகாக அமைந்தது. அவர் வாசித்தார். தையல் மெஷின் நின்றது. அடிக்கம்பி முனகத்தான் செய்தது, ஆனால் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! அக்காவுக்கு மிச்சக் குறைகள் மறந்துபோயின.

"இத எனக்குக் குடுத்துருங்கக்கா."

"முடியாது. உடைஞ்சு திரும்பி வந்தா என்னால பாக்க முடியாது. உடைஞ்சத மட்டுமே பாத்துப் பாத்து..."

குழாய்க்காரர் சிரித்துவிட்டார். "நானும் இத்தன வருஷத்துல ஒழுகாத குழாய் ஒண்ணக்கூடப் பாத்ததில்லக்கா. அதுக்காக ஊர்ல எல்லாக் குழாயும் ஒழுகுதுன்னா நெனைக்க முடியும்? குழாய் நல்லா இருக்கற வீட்டுக்காரன் என்ன எதுக்குக் கூப்பிடப் போறான்?"

கணவர் இதுதான் சமயம் என்று ஒரு புதுப் பையை எடுத்து நீட்டினார். நீர் புகாத துணி, இரட்டைத் தையல், அவரே பெருமைப்பட்டுக்கொள்ளும் பை. அக்கா கிதாரைத் தன் கையாலேயே உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

குழாய்க்காரர் தெருவில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அக்கா மூலையிலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"அடியே, அந்தப் பை மழை தாங்கும்!" என்று வாசலில் நின்று கத்தினார் கணவர்.

யார் காதில் விழுந்தது? பஸ் நிறுத்தம் வரை குடை கிதார்ப் பைக்கு மேலேயே சென்றது. இந்தப் பக்கம் பசையக்காவும் அந்தப் பக்கம் குழாய்க்காரரும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நடந்தார்கள்.