சுவரில் நீந்திய இரண்டு மீன்கள்

மீன் கவிச்சையையும் மீறிக்கொண்டு அன்று எங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் பெயிண்ட் வாசனை அடித்தது. கனடாவிலிருந்து வந்த ஒரு பெண், வலைக்கொட்டகைச் சுவரில் பெரிய மீன் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். அவள் ஒஜிப்வே என்ற பழங்குடி, பெரிய ஏரி ஒன்றின் கரையில் மீன் பிடிக்கும் சனம் என்று, அவளோடு வந்த காலேஜ் அக்கா சொன்னாள். அம்மா அவளுக்கு 'ஏரிக்கரைக்காரி' என்று பேர் வைத்தாள்.

தார் மாதிரி தடித்த கறுப்புக் கோடு. நீள மூக்கு, மீசை. வயிற்றுக்குள் முள், ஈரல், சினை எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்த் தெரிந்தன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். குப்பைக்குப் போகிற குடலுக்கு அத்தனை நிறம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

குப்பத்துத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, வவுத்த அறுத்த கெளுத்திய எழுதி வெச்சிக்கீது? தொழிலுக்குப் போறப்ப இத்தப் பாத்தா வெளங்குமா? சுண்ணாம்பு அடிச்சிடு."

அக்கா அவளிடம் கேட்டுச் சொன்னாள். "அறுத்த மீன் இல்லையாம். உசுரோட நீந்துதாம். உள்ள இருக்கறதையும் சேத்து வரைஞ்சாத்தான் முழு மீனாம். அவங்க பெரியவங்களை ஸ்கூல்ல சொந்த பாஷை பேசக்கூடாதுன்னு அடிச்சாங்களாம். நான் யாருன்னு இந்தப் படம் சொல்லும்ன்றாங்க."

"நம்ம பேச்சக் கேட்டும்தான் டவுனுல சிரிக்கிறானுங்க" என்றார் தலைவர். பிறகு, "சரி, இருக்கட்டும். ஆனா நம்ம செவுத்துல நம்ம மீனு இல்லாங்காட்டி சுண்ணாம்பு அடிச்சிடுவேன். வஞ்சிரம் ஒண்ணு எழுதச் சொல்லு."

அவள் தலையாட்டி மறுத்தாள். உங்கள் மீனின் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வரைய மாட்டேன் என்றாளாம். தலைவர் சுண்ணாம்பு வாளியைக் கிட்டே இழுத்தார்.

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். "எனுக்குத் தெரியும். பிரஷ்ஷக் குடு."

"நீ எழுதினா மீனு நொண்டினு வரும்" என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கைநாட்டு வைக்கிற அம்மா முதலில் நடுமுள்ளைப் போட்டாள். அப்புறம் செவுள், ஈரல், இரண்டு பக்கமும் சினை, தினமும் அரிவாள்மணையில் கை போகிற அதே வரிசையில். தோலைக் கடைசியில்தான் வரைந்தாள். வால் கோணிவிட்டது. ஆனாலும் அது வஞ்சிரம்தான், சந்தேகமில்லை. ஏரிக்கரைக்காரி தன் மீனின் வயிற்றிலிருந்து அம்மாவின் மீன் வயிறு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு இழுத்தாள்.

தலைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். "வாலு கோணலாக் கீது" என்று மட்டும் சொன்னார்.

பல வருஷம் கழித்து, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியபோது கொட்டகையை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் மீன் வெட்டுகிறேன். வருகிறவர்கள் கிலோ என்ன விலை என்று கேட்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஏரிக்கரைக்காரிக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.