ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று வாங்கிய இயர்போன்

2012 ஜூலை, ஒரு திங்கட்கிழமை காலை ஏழு நாற்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் ஆள்காட்டி விரல் ஒரு பொத்தானை அழுத்துவதைப் பார்த்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியின் மெடிக்கல் சென்டர் அது. ஆண்டுக்கு ஒருமுறை செவித்திறன் பரிசோதனை நடக்கும். சிறிய அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். வெளியே நர்ஸ் பொத்தானை அழுத்தினால் காதில் மெல்லிய சத்தம் வரும். கேட்டதும் நம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் விரல் நமக்குத் தெரியாதபடி கண்ணாடியில் ஒரு திரை உண்டு. அன்று அது ஒரு சாண் ஒதுங்கியிருந்தது.

விரல் மறுபடி அழுத்தியது. காதில் ஒன்றுமில்லை. நான் பொத்தானை அழுத்திவிட்டேன்.

காரணம் பயம். கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. காது மந்தமானவரை அங்கே வைக்க மாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டிரம்ஸ் வாசிப்பவன். விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்து ஏழு வருடத்தில் நானாகத் தேடிக்கொண்டது அது ஒன்றுதான். காது போனால் அதுவும் போகும்.

அடுத்த முறை நர்ஸ் விரலை மட்டும் அசைத்தார், சத்தம் அனுப்பவில்லை. நான் அழுத்தினேன். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர்.

"கண்ணால கேக்கறீங்களா சார்?"

திரையை இழுத்து மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். முடிந்ததும் தாளைக் காட்டினார். வலது காதின் கோடு ஓரளவு சமமாகப் போனது. இடது காதின் கோடு கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது.

"நேத்து எங்க இருந்தீங்க?"

காலையில் தண்டலம் பக்கம் ஒரு சர்ச்சில் வாசித்தேன், மதியம் முழுக்க பேண்ட் பிராக்டிஸ் என்றேன். காதில் என்ன போட்டிருந்தீர்கள் என்றார். பையிலிருந்து என் இயர்போனை எடுத்துக் கொடுத்தேன். பளபளப்பான சிவப்பு நிறம். சென்னையில் ஏசி போட்ட கடையில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டு, கனத்த பாஸ் சத்தம் நெஞ்சில் இடித்ததால் வாங்கியது.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பன் லேப்டாப்பிலிருந்து 'டிக் டிக்' என்று தாளக் கணக்கு ஒன்றை அனுப்புவான். அதற்குப் பெயர் கிளிக். அது டிரம்ஸ்காரன் காதுக்கு மட்டும் வரும். மற்ற மூவரும் என்னைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதற்காகத்தான் காதுக்குள் வைக்கும் மானிட்டர், நாங்கள் சொல்லும் இன்-இயர், வேண்டியிருந்தது. என் சிம்பல் தட்டின் சத்தத்தில் கிளிக் முங்கும்போதெல்லாம் வால்யூமைக் கூட்டுவேன். ஞாயிறு சாயங்காலம் குமிழ் கடைசிவரை திரும்பியிருக்கும்.

நர்ஸ் இயர்போனைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் ஊசித் துளைகள் இருந்தன.

"இதுல அடைப்பே இல்லையே. வெளிச் சத்தம் அப்படியே உள்ள வருது. அதை மிஞ்சத்தான் நீங்க கூட்டிக்கிட்டே போறீங்க. புதுசா சேர்றவங்களுக்கு இயர் பிளக் போடச் சொல்லித் தர்றது நீங்கதானே?"

நான்தான். மஞ்சள் நிறப் பஞ்சு பிளக்கை விரலில் உருட்டி மெலிதாக்கி, எதிர்க் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் லைனில் இதை எல்லோர் முன்னாலும் நின்று செய்து காட்டுபவன் நான். வாரத்தில் ஆறு நாள் காத்த காதை ஏழாவது நாள் நானே இடித்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தில் இருந்துவிட்டு வந்தவரின் தாளைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அவர் அதைத் தனியாக வைத்தார். வார லீவு முழுக்க அமைதியாக இருந்துவிட்டு அடுத்த திங்கள் வரச் சொன்னார்.

குன்றத்தூரில் நாங்கள் நால்வரும் தங்கியிருந்த மாடியில் இதைச் சொன்னேன். கீபோர்டு நண்பன் ஸ்ரீபெரும்புதூர்க்காரன்.

"இன்னா மச்சான், காதுக்கு லீவா? அப்ப நான் மிசின்லயே தாளத்தை ஓட்டிக்கறேன். அது சாப்பாடும் கேக்காது, சண்டையும் போடாது."

சிரித்தேன். ஆனால் அவன் நிஜமாகவே ஓட்டிவிடக்கூடியவன். மூன்று வாரத்தில் கம்பெனியின் ஃபேமிலி டே விழாவில் எங்களுக்கு மேடை இருந்தது.

அடுத்த திங்கள் பள்ளம் பெரும்பாலும் மேடேறியிருந்தது. இடது காதில் கொஞ்சம் மட்டும் மிச்சம். என் சிம்பல் இருப்பது அந்தப் பக்கம்தான். "இது திரும்பாது சார். இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்க" என்று சொல்லித் தாளை ஃபைலில் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சென்னையில் அதே கடைக்குப் போனேன். மின்வெட்டு. வாசலில் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் மூன்று இன்-இயர்களை எடுத்து வைத்து, பாட்டுப் போட மொபைலை எடுத்தார். நான் வேண்டாம் என்று மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஜெனரேட்டரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். வயரை எதிலும் சொருகாமல் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன்.

"சார், அதுல பாட்டு வரல." கடைக்காரர் கவலையோடு வெளியே வந்துவிட்டார்.

"தெரியும்ணே. வரக்கூடாது."

முதலாவதில் ஜெனரேட்டர் முழுதாகக் கேட்டது. இரண்டாவதில் பாதி. மூன்றாவது பார்க்க இருமல் மருந்து போல மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தது. வயரைக் காதைச் சுற்றி மேலாகப் போட வேண்டும். முனையில் பஞ்சு. கை பழக்கத்தில் உருட்டினேன், காதை மேலே இழுத்தேன், வைத்துப் பிடித்தேன். பஞ்சு விரிய விரிய ஜெனரேட்டர் எங்கோ பக்கத்துத் தெருவுக்குப் போனது. கடைக்காரரின் வாய் மட்டும் அசைந்தது. அதையே வாங்கினேன்.

பிராக்டிஸில் குமிழ் பாதிக்கும் கீழே நின்றது. கிளிக் தனியாக, தெளிவாக இருந்தது. ஆனால் மற்றவர்கள் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்பது, கீபோர்டு நண்பன் எறிந்த துண்டு முகத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது. அதற்கும் பிரஸ் ஷாப்பில் வழி இருந்தது. எல்லோரும் பிளக் போட்டிருப்பதால் அங்கே கைதான் பேசும். மூடிய கை என்றால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் மறுபடி ஓட்டு. தோளைத் தட்டினால் மெதுவாக. மூவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஞாயிறில் பழகிவிட்டார்கள்.

ஃபேமிலி டேயில் ஒன்பது பாட்டு வாசித்தோம். ஐந்தாவது பாட்டில் எங்கள் பாடகர் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்குத் தாவினார். கீபோர்டு நண்பன் என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினான். அவரோடு சேர்ந்துகொண்டோம். கீழே இருந்தவர்களில் பிரஸ் ஷாப்காரர்கள் மட்டும் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மறுநாள் கேன்டீனில் நர்ஸ் எதிரே வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. தன் காதை மேலே இழுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நல்ல இன்-இயர் எது என்று பல டிரம்ஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் எந்தக் கம்பெனி பெயரும் சொல்வதில்லை. ஜெனரேட்டர் ஓடுகிற கடையாகப் பார்த்துப் போங்கள், பாட்டைப் போடாமல் கேளுங்கள் என்பேன். கேலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே அறை. திரை ஓரம்வரை இழுத்து மூடியிருந்தது. முடிந்ததும் நர்ஸ் இரண்டு ஆண்டுத் தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடது காதின் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.