மகளுக்குக் கொடுத்த கேடயம்

பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டை எங்கள் வீட்டில் நடத்துபவள் நான்தான். அதில் வரும் பூதங்களின் பலத்தையும் நானே தீர்மானிப்பேன். தோற்றால் மகள் அழுவாளே என்று, எந்த அடியும் துளைக்காத கேடயமொன்றை அவளுக்குக் கொடுத்தேன். அதன்பின் சண்டைகள் சப்பென்று முடிந்தன. கேடயத்துக்கு ஈடாகக் கடற்பூதத்தின் பலத்தை இரட்டித்தேன். பள்ளி லீவுக்கு நுரைச்சோலையிலிருந்து வந்திருந்த, கணவரின் தங்கை மகளிடம் கேடயம் இல்லை. அவள் ஏற்று ஆடிய வீராங்கனை முதல் அடியிலேயே செத்துப்போனாள்.

"மாமி, உங்கட பூதம் ஆள் பாத்துத்தான் அடிக்குது" என்று அவள் சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. "நான் அவ்வளவு ஏலாதவளா உம்மா?"

இருவர் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

"எனக்குக் கேடயம் வாணாம். மச்சியோட திரும்ப முதல்ல இருந்து விளையாடுவோம்" என்றாள் மகள்.

பூதத்தின் பலத்தைக் குறைத்தேன். எவ்வளவு குறைப்பது என்பதை மகளிடம்தான் கேட்டேன்.