எங்கள் துறைத்தலைவரின் தடிப் புத்தகம்

ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு கல்லூரியில் தற்காலிக இயற்பியல் விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் என்னவென்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். தும்முவதற்குக்கூடத் துறைத்தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்காக அவர் மேஜையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்தா இந்த வேலை என் தலையில் விழவேண்டும்?

அணுத்துகள் சோதனைகளுக்காக எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ஒரு பாடநூல் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியில் இரண்டு சீமைப் புத்தகங்கள். ஒன்று ஒல்லி. துகள் எண்ணும் குழாயை எப்படிச் செய்வது, காற்று கசிந்தால் எங்கே தேடுவது, குழாயின் வாயில் கண்ணாடிபோல் மினுங்கும் மெல்லிய மைக்காத் தகட்டை எந்த மெழுகால் ஒட்டுவது என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதியிருந்தது. மற்றது தடி. அதைத் தலைவர் ஒரு வருடமாக மேஜைமேல் வைத்துக்கொண்டு, "இதில் இல்லாதது எதிலும் இல்லை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். படித்துவிட்டு இதையே சிபாரிசு செய்து எழுதுங்கள்" என்று தன் பிரதியைக் கொடுத்தார்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு மீன்காரம்மா வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்தேன். முன்னுரை முடிந்தது. அதற்குமேல் பிரிய மாட்டேன் என்றது. சில சீமைப் புத்தகங்கள் அப்போது பக்க ஓரங்கள் மடிப்போடு சேர்ந்தபடியே வரும். படிக்கிறவன்தான் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டும். இதில் முன்னுரைக்கு அப்பால் ஒரு மடிப்பும் கீறப்படவில்லை. அட பாவி மனுஷா! ஒரு வருடம் ஊரையே ஏமாற்றியிருக்கிறாரே!

கீறினால், அவர் படிக்காதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கீறாவிட்டால் நான் படிக்காதது தெரிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் என் வேலைக்குத்தான் ஆபத்து. புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

மொட்டைமாடியில் மீன்காரம்மா கொடுவா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது கத்தியும் கையுமாக என் அறை வாசலில் நின்றார்.

"இன்னா வாத்யாரே, காசு குட்த்து வாங்குன புக்கு, பக்கமெல்லாம் ஒட்டிக்கினு கீது! நல்லா ஏமாத்திக்கீறான் உன்னை. அல்லாத்தையும் நான் கீறி வுட்டுட்டேன். நேரா கீதா பாரு."

நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருந்தது. பவுடர் தூவிப் பார்த்தேன், மாடிக் காற்றில் வைத்துப் பார்த்தேன். மீன் வாசனை போகவில்லை. சரி, கீறியது கீறியாகிவிட்டது என்று அங்கங்கே புரட்டிப் படித்தேன். பக்கம் பக்கமாகச் சமன்பாடு. குழாய் எப்படிச் செய்வது என்பதைப் பற்றி மூச்சே இல்லை. இதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வருவது வரட்டும் என்று ஒல்லிப் புத்தகத்துக்கே சிபாரிசு எழுதினேன்.

மறுநாள் கமிட்டியில் மூன்று பேர்: தலைவர், நான், தூத்துக்குடிக்காரரான வேதியியல் பேராசிரியர். நான் காகிதத்தை எடுப்பதற்குள் தலைவர் தடிப் புத்தகத்தை வாங்கி, "இதை வரிக்கு வரி படித்திருக்கிறேன்" என்று நடுவில் பிரித்தார். அது பிரிந்த வேகத்தில் அவரே திகைத்துப்போனார். ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் பளபளப்பாக ஒன்று மேஜையில் விழுந்தது. கொடுவாச் செதில்!

"என்ன சார் இது?" என்றார் வேதியியல்.

மீன் கடைப் பக்கமே போகாத எங்கள் தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மைக்கா. குழாய்க்குச் சரிவருமா என்று நான்தான் அளவு பார்த்து வைத்தேன்."

தூத்துக்குடிக்காரர் வாங்கி முகர்ந்தார். "மைக்காவுல மீன் வாடை அடிக்குமாவே?" என்று என்னைக் கேட்டார்.

தலைவரும் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை அவர் கண்ணில் நான் பார்த்ததே இல்லை.

"நெல்லூர் மைக்கா சார்," என்றேன். "ராயபுரம் கிடங்கில் கருவாட்டு மூட்டையோடு கிடந்திருக்கும்."

தூத்துக்குடிக்காரர் இருமலில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். தலைவருக்கு உயிர் வந்தது. "முதல் குழாயை இந்த மைக்காவை ஒட்டியே செய்யுங்கள். அது துகள் எண்ணிய அன்றைக்கு உங்கள் உத்தரவில் கையெழுத்து" என்று செதிலை என்னிடமே நீட்டினார்.

நிஜ மைக்கா ஒரு துண்டு வாங்கினேன். ஒல்லிப் புத்தகம் சொன்ன மெழுகை, ஒல்லிப் புத்தகம் சொன்னபடி உருக்கி ஒட்டினேன். பத்தாம் நாள் குழாய் டிக் டிக்கென்று எண்ணியது. தலைவர் குழந்தை மாதிரி கை தட்டினார். தடிப் புத்தகத்தைத் தட்டி, "பார்த்தீர்களா? எல்லாம் இதில் இருக்கிறது!" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒல்லிப் புத்தகத்துக்கு எழுதிய சிபாரிசு இன்னும் என் பையிலேயே கிடந்தது. அவர் பேனாவைத் திறந்து முதலில் என் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்; அதே மையில், மாணவர்களுக்குத் தடிப் புத்தகம் பன்னிரண்டு பிரதிகள் வாங்கும் கடிதத்திலும் போட்டார்.